சம்பல் டைரக்டரியில் ஒரு குதிரை

மத்தியானம் ஒரு மணிக்கு முகம்மது கௌஸின் கடைக்குப் போன் போட்டால் லைன் கிடைக்காது என்று ஈப்போவில் அவருடைய வாடிக்கையாளர்கள் சிலர் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கௌஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் அவர் கடையில் இருப்பதில்லை. பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு, வழியில் நாலு பேரிடம் பேசிவிட்டு, மெதுவாகத்தான் திரும்புவார்.

பேச்சு என்றால் அவருக்கு உயிர். ரேடியோ, டிவி பழுது பார்ப்பது தொழில். ஒரு டிவியைத் திறந்து மூடுவதற்குள் அந்த டிவிக்காரரின் மச்சினிக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்பது வரை தெரிந்துகொண்டுவிடுவார். தெரிந்ததை அடுத்த டிவிக்காரரிடம் சொல்லியும் விடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நல்ல சேதியை உள்ளே வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான்.

கீழே கடை, மேலே வீடு. மகள் ஜொஹரா கல்யாணமாகித் தைப்பிங்குக்குப் போன பிறகு மேல்மாடியில் அவரும் மனைவி குல்ஜார் பேகமும் மட்டும்தான். மகள் இருந்த அறையில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் லியோங், தனக்குப் புதியது வந்ததும் பழையதைக் கௌஸின் தலையில் கட்டிவிட்டார். கூடவே ஒரு மோடமும் கொடுத்தார். அதைக் கடைத் தொலைபேசியின் கம்பியிலேயே மாட்டி லியோங்கின் கடை எண்ணைச் சுழற்றினால், கீச்சென்று கத்திவிட்டு, அவருடைய கம்ப்யூட்டரில் இருப்பது இந்தத் திரையில் வரும். லியோங் அதில் ஊர்க்காரர்களுக்காக ஓர் அறிவிப்புப் பலகை நடத்தினார். யாரும் எதையும் எழுதி வைக்கலாம், வேண்டிய ஃபைலை இறக்கிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும் என்பதால், வேண்டியதை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வெளியேறிவிட வேண்டும் என்பது லியோங்கின் கண்டிப்பான உத்தரவு.

அது 1989. நோன்பு தொடங்க இன்னும் சில நாட்கள் இருந்தன. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் எல்லாரும் டிவியைச் சரிபார்க்கக் கொண்டுவருவார்கள், அதற்குத் தமிழில் ஒரு நோட்டீஸ் அடித்துக் கடைவாசலில் ஒட்டவேண்டும் என்று கௌஸுக்கு ஆசை. பலகையில் யாரோ தமிழ் எழுத்து அச்சடிக்கும் புரோகிராம் ஒன்றைப் போட்டிருப்பதாக லியோங் சொன்னார். சாயங்காலம் கடையைச் சாத்தியதும் கௌஸ் மாடியேறிப் போய் அதை இறக்கினார். கம்ப்யூட்டர் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அவர் தேநீர் குடித்தார், செய்தி பார்த்தார், திரும்பி வந்து பார்த்தார், இன்னும் நகர்ந்துகொண்டிருந்தன. கடைசியில் மணி அடித்தது. வந்து சேர்ந்துவிட்டது என்று எழுத்து வந்ததும் திருப்தியாகச் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலையில் பார்த்தால் ஃபைலைக் காணவில்லை.

வந்தது நிச்சயம். தன் கண்ணால் பார்த்தார். ஆனால் எங்கே போய் உட்கார்ந்தது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஃபைல்களைப் பிரித்து வைக்கச் சிறு சிறு அறைகள் மாதிரி டைரக்டரிகள் உண்டு. லியோங் வைத்திருந்தவை, ஜொஹரா ஊருக்கு வந்தபோது போட்டவை, தாம் எதற்காக உண்டாக்கினோம் என்று தமக்கே மறந்துபோனவை என்று ஏகப்பட்டது இருந்தது. கௌஸ் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். டிவி வயரிங் படங்கள் இருந்தன. லியோங்கின் பழைய விளையாட்டுகள் இருந்தன. தமிழைக் காணோம்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதன் பெயர் சம்பல், மிளகாய்த் துவையல். குல்ஜார் சமையல் குறிப்பு எழுதி வைத்திருப்பாள் என்று நினைத்து அவர் அதுவரை அதைத் தொட்டதே இல்லை. இப்போது திறந்தார். ஃபைல் பெயர்கள் மளமளவென்று மேலே ஓடி, கடைசி வரிகள் மட்டும் திரையில் நின்றன. எல்லாம் லியோங்கின் பலகையிலிருந்து இறக்கியவை. இறக்கியது அவர் அல்ல.

ஒன்றை விரித்துப் பார்த்தார். ஆங்கில எழுத்தில் தமிழ்.

‘குதிரை எஃப் 6. இந்தக் குதிரையை நம்பித்தான் இருக்கேன். காளி.’

அடுத்ததில், ‘உங்க குதிரையை வெட்டிட்டேன் அண்ணே. கோவிச்சுக்காதீங்க. வியாழக்கிழமை பார்ப்போம். காளி.’

இங்கிருந்து அனுப்பிய பதிலின் நகலும் ஒன்று இருந்தது. ‘போன வாரம் போனது போகட்டும் தம்பி. இந்த வாரம் விட மாட்டேன். ஜி.பி.’

ஜி.பி. என்றால் குல்ஜார் பேகம். இந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்த எழுத்து பொருந்தாது.

கௌஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஈப்போவில் குதிரை என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். பந்தயத் திடலும் அங்கே சனி ஞாயிறில் கூடும் கூட்டமும் அவர் கண்முன் வந்தன. ஐந்து வேளை தொழுகிற குல்ஜார், ரம்புத்தான் பழத்துக்குப் பேரம் பேசக்கூடக் கூச்சப்படுகிற குல்ஜார், காளி என்று எவனோ ஒருவனோடு சேர்ந்து குதிரையின் மேல் பணம் கட்டுகிறாளா? அதிலும் வெட்டுவது என்றால் என்ன?

பக்கத்துக் கடைத் தையல்காரர் பழனியப்பன், பந்தயம் என்றால் சோறு தண்ணி மறப்பவர். கௌஸ் சில வரிகளை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு அவரிடம் போனார். டிவி கொடுத்த ஒருவரின் சட்டைப்பையில் இருந்தது என்று வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கதை கட்டினார். பழனியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எஃப் 6 என்றால் ஆறாவது பந்தயமாக இருக்கலாம் என்றார். ஆனால் இந்த வாரம் ஈப்போவில் ஓட்டமே கிடையாதே என்றும் யோசித்தார். பிறகு அடுத்த வரிக்கு வந்து நின்றுவிட்டார். அதில், யானையை இப்போது ஓட விடப் போகிறேன், ராணி பத்திரம் என்று இருந்தது.

“குதிரை சரிலா அண்ணே,” என்றார் பழனியப்பன். “யானை எங்க ஓடுது?”

கௌஸுக்கும் தெரியவில்லை. யானை என்றதும் அவருடைய சந்தேகத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. தாளை வாங்கி மடித்துக்கொண்டு திரும்பி வந்தார். மத்தியானம் வரை யாரிடமும் பேசவில்லை. டிவி எடுக்க வந்த ஒரு சீனப் பெண்மணி, கடை முதலாளி டவுக்கேவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானத் தொழுகை முடிந்ததும் அன்று அவர் எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்தார். மாடிப்படியில் ஏறும்போதே மோடம் கீச்சிடும் சத்தம் கேட்டது. மகளின் அறையில் குல்ஜார், தலையில் முக்காட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு, யாரோ பெரிய மனிதரைப் பார்க்கப் போனவள் மாதிரி நிமிர்ந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஒரு செஸ் பலகை. காய்கள் பாதி வெளியே கிடந்தன. அவள் திரையைப் பார்த்து, ஒரு கறுப்புக் குதிரையை எடுத்து வேறு கட்டத்தில் வைத்து, ம்ம் என்று தலையாட்டினாள்.

கௌஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து கண்முன் நின்ற பந்தயத் திடல் மறைந்து போயிற்று. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

“குல்ஜார், யாரு அந்தக் காளி?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவருடைய கையில் இருந்த துண்டுத் தாளையும் முகத்தையும் பார்த்தாள். என்ன நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிய வெகுநேரம் பிடிக்கவில்லை. குதிரைப் பந்தயம் என்று அவர் வாயால் சொன்னதும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்பேனா என்று கேட்டுச் சிரித்தாள். கௌஸும் சிரித்தார். தைப்பிங்கில் இருக்கிற மகளுக்கே கேட்டிருக்கும்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கோப்பெங்கில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மை போட்டுப் படுத்திருந்தவளுக்கு அண்ணன் ரஹீம் பொழுதுபோகச் சொல்லிக்கொடுத்த ஆட்டம் அது. கல்யாணத்துக்குப் பிறகு கூட ஆட ஆளில்லாமல் விட்டுப்போனது. கௌஸால் ஒரு காயை நகர்த்தும் நேரம்கூட வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஜொஹரா போன பிறகு ஒருநாள் சும்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தபோது, லியோங்கின் பலகையில் செஸ்ஸுக்கு என்று ஒரு மூலை இருப்பதைக் கண்டாள். ஆட யாராவது உண்டா என்று எழுதி வைத்தாள். காளி என்ற ஒருவர் பதில் போட்டார். அவர் நகர்த்திய காயை ஒரு ஃபைலாகப் போட்டுவிட்டுப் போவார். இவள் அதை இறக்கிப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் தன் பதிலை அனுப்புவாள். ஒரு ஆட்டம் முடிய மாசக்கணக்கில்கூட ஆகும். தமிழ் ஆள் என்பதைத் தவிர அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எழுதுகிற தோரணையைப் பார்த்தால் சின்ன வயசுப் பையன் போலிருக்கிறது. ஆனால் மகா கெட்டிக்காரன்.

“எங்கிட்ட ஏன் சொல்லலே?” என்றார் கௌஸ். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

“சொன்னா நீங்க சாயங்காலத்துக்குள்ள சிம்பாங் பூலாய் வரைக்கும் சொல்லிடுவீங்க மச்சான். அப்புறம் நான் தோத்தா வர்றவங்க போறவங்க எல்லாம் துக்கம் விசாரிப்பாங்க.”

கௌஸ் துண்டுத் தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தமிழ் புரோகிராமைத் தேடித்தான் இதெல்லாம் கண்ணில் பட்டது என்று அவர் சொன்னதும் குல்ஜார் கொஞ்சம் யோசித்தாள். அதுவும் சம்பலில்தான் இருக்கும் என்றாள். இறக்குவதெல்லாம் சம்பலில் வந்து விழும்படி அவள்தான் மோடம் புரோகிராமில் மாற்றி வைத்திருந்தாளாம். தான் பார்த்தபோது அங்கே தமிழ் எதுவும் இல்லையே என்றார் கௌஸ். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அவரை நகரச் சொல்லி அவளே தட்டினாள். இந்தத் தடவை பெயர்கள் ஓடவில்லை. ஒரு பக்கம் நிறைந்ததும் நின்று, அடுத்த பக்கம் வேண்டுமா என்று கேட்டது. முதல் பக்கத்தில், மேலே மூன்றாவது வரியில், அவருடைய தமிழ் புரோகிராம் உட்கார்ந்திருந்தது.

“நான் கேவலமாத் தோத்த ஆட்டம் ஒண்ணு அங்க இருந்திச்சு. பார்க்கப் பிடிக்காம அழிச்சிட்டேன். அந்தக் காலி இடத்துல உங்க ஃபைல் வந்து உக்காந்துக்கிச்சு,” என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் கடை திறக்கத் தாமதமாயிற்று. இருவரும் சேர்ந்து அந்தப் புரோகிராமை ஓடவிட்டார்கள். பிரிண்டர் கரகரவென்று இழுத்துத் தள்ளிய தாளில் கடையின் பெயர் தமிழில் வந்தது. கௌஸ் என்று அடித்தால் கெ தனியாகவும் ள தனியாகவும் விழுந்து கெளஸ் என்று இருந்தது. எழுத்துச் செய்தவர் அதைக் கவனிக்கவில்லை போலும். கௌஸ் அதைத் தலைகீழாகக்கூடப் பார்த்தார். தம்முடைய பெயரைத் தம் வீட்டு இயந்திரம் தமிழில் எழுதுவதைப் பார்க்க ஒரு எழுத்து கூடிக் குறைந்தால் என்ன என்று தோன்றியது. அப்படியே கடைவாசலில் ஒட்டினார். வந்தவர்கள் எல்லாரும் அவரைக் கெ-ள-ஸ் என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் அந்தப் புரோகிராம் எப்படித் தொலைந்தது, எப்படிக் கிடைத்தது என்று கதை சொன்னார். சொல்லும்போது குல்ஜாரும் செஸ்ஸும் கதைக்குள் வராமல் பார்த்துக்கொள்ள அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பழனியப்பனிடம் மட்டும் மூன்றாம் நாள் உடைத்துவிட்டார். யானை விஷயம் அந்த மனிதரைத் தூங்கவிடவில்லை.

பெருநாள் நெருங்கியபோது குல்ஜாருக்கு ஒரு ஆசை வந்தது. காளித் தம்பியைப் பெருநாள் விருந்துக்குக் கூப்பிட்டால் என்ன? ஊர் தெரியாது. கோலாலம்பூராகக்கூட இருக்கலாம். ஆனாலும் அவள் தன் அடுத்த காயோடு சேர்த்து விலாசத்தையும் எழுதி, குடும்பத்தோடு வரவேண்டும் என்று போட்டாள். மறுநாளே பதில் வந்தது. ‘கட்டாயம் வாரேன் அண்ணே. நான் பத்து காஜாவுலதான் இருக்கேன். காளி.’

குல்ஜார் அதைப் பல தடவை படித்தாள். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற ஊர். பத்து காஜாவுக்கு எத்தனையோ தடவை கல்யாணத்துக்கும் மௌத்துத் துக்கத்துக்கும் போய் வந்திருக்கிறாள். சந்தையில் பக்கத்தில் நின்று மீன் வாங்கியிருந்தாலும் தெரிந்திருக்காது.

பெருநாளன்று காலையிலிருந்தே வீடு நிரம்பி வழிந்தது. தைப்பிங்கிலிருந்து ஜொஹராவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். இந்து நண்பர்கள் வருவார்கள் என்று குல்ஜார் மாட்டிறைச்சி ரெண்டாங்கைக் கண்ணில் படாமல் உள்ளே வைத்துவிட்டு, ஆட்டுக்கறியும் கோழிக்குழம்பும் ஓலையில் பொதிந்த கெத்துப்பாட்டுச் சோறும் வெளியே பரப்பியிருந்தாள். லியோங் வந்து சாப்பிட்டுவிட்டு, தன் பலகையில் செஸ் ஆடும் இரண்டு பேரையும் ஒன்றாக நேரில் பார்க்காமல் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். பழனியப்பனும் உட்கார்ந்திருந்தார். கௌஸ் புதுச் சட்டையும் சொங்கோக் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

மத்தியானம் பத்து காஜா பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு புருஷனும் மனைவியும் விலாசத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஆள் நல்ல வாட்டசாட்டமாக, வெயிலில் கறுத்து, கையில் பழக்கூடையோடு இருந்தார். சின்னப் பையன் இல்லை. ஆனாலும் கௌஸ் யோசிக்கவில்லை. கடைப்படியில் இறங்கிப் போய் அவரை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். எங்கள் வீட்டுக் குதிரையெல்லாம் உங்களால்தான் பிழைக்காமல் போகிறது என்று சொல்லிச் சிரித்தார். அந்த மனிதர் கூடை நசுங்காமல் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விழித்தார்.

“நான் பிச்சைமுத்து. தோட்டத்துல டிராக்டர் ஓட்டுறவன் அண்ணே,” என்றார். “குதிரை ஓட்டுறது இவங்கதான்.”

பின்னால் பச்சைச் சேலையில் நின்ற பெண் கை கூப்பினாள். அவள்தான் காளியம்மா. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. கித்தா ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்ட பிறகு பாதிக் குடும்பங்கள் டவுனுக்குப் போய்விட்டன. ஆபீசில் மேனேஜரும் அவளும் ஒரு கம்ப்யூட்டரும்தான். வாராவாரம் செம்பனைக் குலைக் கணக்கைத் தலைமை ஆபீசுக்கு அனுப்ப ஒரு மோடம் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அதை வைத்துத்தான் ஆட்டம். மேனேஜருக்கும் தெரியும். சில நாள் யார் ஜெயிக்கிறார்கள் என்று அவரே வந்து கேட்பாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவள் கௌஸை மரியாதையோடு பார்த்து, “நீங்கதானே ஜி.பி. அண்ணன்?” என்றாள்.

கௌஸ் இல்லை என்று தலையாட்டினார். மாடியைக் கை காட்டினார்.

மாடிப்படியின் மேல் குல்ஜார் ஒரு தட்டு நிறைய பலகாரத்தோடு நின்றிருந்தாள். கீழே பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. காளியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு வருஷமாத் தம்பி தம்பின்னு எழுதியிருக்கேனே,” என்றாள் குல்ஜார்.

“நான் மட்டும் என்னாவாம்? அண்ணே, கோவிச்சுக்காதீங்கன்னு எழுதியிருக்கேன்,” என்றாள் காளியம்மா. “ஆம்பள ஆளு, தோத்தா ரோசம் வந்து நிறுத்திடுவாரோன்னு பயந்து பயந்து வெட்டினேன்.”

குல்ஜார் தட்டைப் பக்கத்தில் நின்ற மகளிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு வயது கூட என்று அங்கேயே கணக்குப் பார்த்தார்கள். அன்று முதல் குல்ஜார் அக்கா ஆனாள்.

சாப்பாடு முடிந்ததும் செஸ் பலகை கூடத்துக்கு வந்தது. ஜொஹராவுக்குத் தன் தாய் இந்த ஆட்டம் ஆடுவாள் என்பதே தெரியாது. வந்திருந்தவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பழனியப்பன் முதலில் யானை எது என்று காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவருக்கு விறுவிறுப்புத் தாங்கவில்லை. காளியம்மா மேல் யாராவது கட்டுகிறீர்களா என்று மெதுவாகக் கேட்டு லியோங்கிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார். ஆட்டமோ சீக்கிரம் முடிந்துவிட்டது. மாசக்கணக்கில் யோசித்து ஆடிப் பழகியவர்களுக்கு, எதிரே முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆடவே வரவில்லை. காளியம்மா ஒரு காயைத் தொடுவாள், குல்ஜாரின் முகத்தைப் பார்ப்பாள், சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பில் அவளுடைய ராணி போயிற்று. குல்ஜார் ஜெயித்தாள். கௌஸ் ஜன்னலுக்குப் போய் எதிர்க் கடைக்காரருக்கு அதைச் சொன்னார். இந்தத் தடவை அவரை யாரும் தடுக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்துக்குக் காய் அடுக்கினார்கள். பிச்சைமுத்துவுக்குச் செஸ்ஸில் ஈடுபாடு இல்லை, கௌஸின் கடையைப் பார்க்க வேண்டும் என்றார். கௌஸ் சந்தோஷமாகக் கீழே அழைத்துப்போய் ஒவ்வொரு டிவியின் வரலாற்றையும் சொன்னார். பிச்சைமுத்து பொறுமையாகக் கேட்கிறவர். டிராக்டர் ரேடியோவில் இருக்கிற ஒரு கோளாறைச் சொன்னார். இருவருக்கும் நேரம் போனதே தெரியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் எப்போது என்று பிச்சைமுத்துவுக்கு ஞாபகம் வந்து மாடிக்கு வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. லியோங்கும் பழனியப்பனும் போய்விட்டிருந்தார்கள்.

பலகையில் இரண்டு காய்கள் மட்டும்தான் நகர்ந்திருந்தன. நடுக் கட்டங்களின் மேல் யாரோ முறுக்குத் தட்டை வைத்திருந்தார்கள். குல்ஜாரும் காளியம்மாவும் கால் நீட்டி உட்கார்ந்து, பத்து காஜாவில் எந்தக் கடையில் நல்ல சேலை கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார் பிச்சைமுத்து.

“நீங்க இன்னும் ரெண்டு டிவி பார்த்துட்டு வாங்க,” என்றாள் காளியம்மா. “அடுத்த பஸ்ஸுல போலாம்லா.”

கௌஸ் பிச்சைமுத்துவின் தோளில் கை போட்டு மறுபடியும் படியிறங்கினார்.